பேசும் உரிமையும் அரசுக் கோப்புகளைப் பார்க்கும் உரிமையும் ஒரே சட்டத்தில்தான் பிறந்தன

ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருந்தார்: "'நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்' என்று வால்டேர் சொன்னார். அச்சகம் மட்டுமே இருந்த காலத்தில் சொன்னதெல்லாம், ஆளுக்கொரு போன் வைத்துக்கொண்டு எதையும் பரப்பும் இந்தக் காலத்துக்கு எப்படிப் பொருந்தும்? சுதந்திரம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்று எங்கள் வகுப்பில் பலர் நினைக்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?"

நல்ல கேள்வி. மாவட்டச் செய்தியாளராகப் பதினெட்டு ஆண்டு ஓடியவன் என்ற முறையில் எனக்கு மிகவும் நெருக்கமான கேள்வியும்கூட.

முதலில் அந்த வரி. 18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் அதைச் சொல்லவில்லை. ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலப் பெண் எழுத்தாளர், வால்டேரின் நண்பர்களைப் பற்றி 1906-ல் புனைபெயரில் ஒரு புத்தகம் எழுதினார். எல்வெசியஸ் என்ற தத்துவவாதியின் நூலைப் பாரிஸில் எரித்தபோது வால்டேர் எப்படி உணர்ந்திருப்பார் என்று விளக்க ஹால் தானே எழுதிய வரி அது. மேற்கோள் குறிக்குள் இருந்ததால் வால்டேர் தலையில் ஏறிவிட்டது. பேச்சுப் போட்டியில் சொல்வதானால் ஹால் அம்மையாரின் பெயரைச் சொல்லுங்கள். அவருக்குச் சேர வேண்டிய மரியாதை அது. தன்னைத் தாக்கி எழுதிய பத்திரிகைக்காரர் பிரெரோன் மீது அதிகாரிகளிடம் புகார் கொண்டுபோனவர்தான் வால்டேர். பெரிய மனிதர்தான், ஆனால் அந்த ஒற்றை வரியில் அடங்குகிறவர் இல்லை.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அந்த வரியை வைத்து, ஐரோப்பாவில் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த சிந்தனை அலையான அறிவொளிக் காலத்தைப் புரிந்துகொண்டால் "யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பேசலாம்" என்பதுதான் அதன் சாரம் என்று தோன்றும். அப்புறம் இன்றைய வாட்ஸ்அப் வதந்திகளைப் பார்த்ததும் "அது அந்தக் காலம்" என்று தள்ளிவிடுவோம். உண்மையில் அவர்கள் சண்டை போட்டது வேறு இரண்டு கேள்விகளுக்காக. அச்சுக்குப் போகும் முன் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஆட்சி செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று குடிமக்கள் எப்படித் தெரிந்துகொள்வது? முதல் கேள்வி பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. இரண்டாவதை நாம் மறந்துவிட்டோம் என்பதுதான் என் ஆதங்கம்.

முதல் கேள்வியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1643-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம், உரிமம் வாங்காமல் எதையும் அச்சிடக் கூடாது என்று ஆணை போட்டது. அதை எதிர்த்துக் கவிஞர் மில்டன் அடுத்த ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார், உரிமம் வாங்காமலேயே. நல்ல புத்தகத்தைக் கொல்கிறவன் அறிவையே கொல்கிறான் என்று வாதாடினார். ஆனால் கத்தோலிக்கர்களுக்கு அந்தச் சுதந்திரத்தைத் தர அவருக்கு மனமில்லை. சில ஆண்டுகள் கழித்து அவரே அரசுப் பதவிக்குப் போய், ஆட்சிக்கு ஆதரவான வாரப் பத்திரிகைக்கு உரிமம் தரும் வேலையையும் பார்த்தார்.

அந்த உரிம முறைக்காகப் பின்னால் வந்த சட்டம் கடைசியில் 1695-ல் காலாவதியானது. நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்க மறுத்ததற்குச் சொன்ன காரணங்களில் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. லண்டன் புத்தக வணிகர் சங்கத்தின் ஏகபோகம், வீடு புகுந்து சோதனை போடும் தொல்லை, துறைமுகத்தில் புத்தக மூட்டைகள் தேங்கிக் கிடப்பது, இவைதான் பெரிதாகப் பேசப்பட்டன. தத்துவவாதி ஜான் லாக் நண்பரான ஓர் உறுப்பினருக்கு எழுதிக் கொடுத்த குறிப்பிலும் வணிகர்களின் ஏகபோகத்தைத்தான் வெளுத்து வாங்கியிருக்கிறார். உரிமைகள் பல நேரம் இப்படித்தான் வருகின்றன, நடைமுறைத் தொல்லையின் கதவு வழியாக.

சரி, உரிமம் ஒழிந்தது. இங்கிலாந்துப் பத்திரிகைக்காரர் எதை வேண்டுமானாலும் எழுத முடிந்ததா? நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் என்ன பேசினார்கள் என்பதைக்கூட எழுத முடியாது! அது சபை உரிமை மீறல். 1738-ல் அந்தத் தடையை அவை மறுபடி உறுதி செய்தது. உடனே ஒரு லண்டன் மாத இதழ், கலிவர் கதையில் வரும் லில்லிபுட் நாட்டுச் செனட்டில் நடந்த விவாதம் என்று தலைப்புப் போட்டு, பெயர்களைக் கொஞ்சம் திரித்து வெளியிட்டது. அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சன்கூட இளைஞராக இருந்தபோது அந்த வேலையைச் செய்தவர்தான். 1771-ல் சில அச்சகக்காரர்கள் துணிந்து உண்மைப் பெயர்களோடு விவாதங்களை வெளியிட்டார்கள். அவர்களைப் பிடிக்க அவை ஆளனுப்பியது. லண்டன் மேயர் பிராஸ் கிராஸ்பி, நகர எல்லைக்குள் உன் வாரண்டு செல்லாது என்று அந்த ஆளையே மடக்கினார். அதற்காக மேயரை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். மக்கள் தெருவில் திரண்டார்கள். அதன்பிறகு விவாதங்களை வெளியிடுவதை அவை கண்டும் காணாமல் விட்டுவிட்டது.

1695-லிருந்து 1771 வரை எழுபத்தாறு ஆண்டுகள். முன்அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஆனால் உள்ளே நடப்பதைப் பார்க்கவும் முடியாது. இந்த இடைவெளியை மனதில் வையுங்கள்.

இப்போது சுவீடனுக்கு வருகிறேன். இந்தக் கதையை நம்மூரில் யாரும் சரியாகச் சொல்வதில்லை, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அன்று பின்லாந்து சுவீடன் அரசின் ஒரு பகுதி. அதன் மேற்குக் கரையில் கொக்கோலா என்ற சிறு துறைமுகம். சுற்றுவட்டார விவசாயிகள் பைன் மரத்திலிருந்து தார் வடிப்பார்கள். மரக்கப்பல் ஓடிய காலம் அது, ஐரோப்பா முழுக்கத் தாருக்கு அடிதடி. ஆனால் அந்தக் கரையிலுள்ள ஊர்கள் வெளிநாட்டுக்கு நேரடியாகக் கப்பல் விடக் கூடாது என்று சட்டம். சரக்கு ஸ்டாக்ஹோம் வழியாகத்தான் போக வேண்டும். லாபம் தலைநகர வணிகர்களுக்கு, உழைப்பு இவர்களுக்கு.

இந்த அநியாயத்தை எதிர்த்து எழுந்தவர் ஆண்டர்ஸ் கிடேனியஸ், 1729-ல் பிறந்த கிராமப் பாதிரியார். 1765-ல் மதகுருக்களின் பிரதிநிதியாக ஸ்டாக்ஹோம் நாடாளுமன்றத்துக்குப் போனார். போன ஆண்டே துண்டு நூல்களாக எழுதித் தள்ளினார். வணிகத் தடை தளர்ந்து, அந்தக் கரை ஊர்கள் நேரடியாகக் கப்பல் விடும் உரிமையைப் பெற்றன. ஆனால் அந்தச் சண்டையில் அவர் ஒன்றைப் புரிந்துகொண்டார். வணிகர்களின் வாதத்தை உடைக்கப் புள்ளிவிவரம் வேண்டும், கணக்கு வேண்டும். அதெல்லாம் அரசுக் கோப்புகளில் பூட்டிக் கிடந்தது. எழுதினாலும் அச்சிடும் முன் அரசுத் தணிக்கை அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும்.

ஆகவே அச்சுச் சுதந்திரத்துக்கான குழுவில் அவர் வைத்த யோசனையில் இரண்டும் சேர்ந்தே இருந்தன. அரசியல் எழுத்துக்கு முன்தணிக்கை ஒழிய வேண்டும். அரசு ஆவணங்களையும் நீதிமன்ற ஆவணங்களையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் எடுக்கலாம், அச்சிடலாம். 1766 டிசம்பர் 2-ஆம் தேதி அது சட்டமானது. இப்படி ஒரு சட்டம் உலகத்தில் அதுவரை கிடையாது. ஆவணத்தைக் காட்ட மறுக்கும் அதிகாரிக்கு என்ன தண்டனை தெரியுமா? பதவி பறிப்பு. நம்முடைய தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அபராதம் அதிகபட்சம் 25,000 ரூபாய் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். இருநூற்றைம்பது ஆண்டுக்கும் முன்னால் அந்தப் பாதிரியார் இன்னும் கடுமையாக யோசித்திருக்கிறார்.

அந்தச் சட்டம் குறையில்லாதது என்று சொல்லமாட்டேன். மத நூல்களுக்குத் தணிக்கை அப்படியே நீடித்தது. அரச குடும்பத்தையும் அடிப்படைச் சட்டத்தையும் தாக்கி எழுதினால் தண்டனை. ஆட்சிக்குப் புதிதாக வந்த 'குல்லா' என்று பொருள்படும் கட்சிக்கு, நீண்ட காலம் ஆண்ட எதிர்க்கட்சியின் ரகசியங்களை வெளியே கொண்டுவரும் ஆசையும் இருந்தது. இதையெல்லாம் ஐரோப்பியர் மட்டுமே கண்டுபிடித்தது போலவும் பேச வேண்டாம். சீனாவில் அரசரின் தவறை எடுத்துச் சொல்லும் அதிகாரிகளுக்கு இருந்த எழுத்துரிமையைப் பற்றிய ஒரு சிறுநூலைக் கிடேனியஸே சுவீடிஷில் வெளியிட்டு, அதை முன்மாதிரியாகக் காட்டினார்.

என்னை மிகவும் உலுக்கியது இன்னொன்று. சட்டம் நிறைவேறியபோது கிடேனியஸ் அவையில் இல்லை. அந்த ஆண்டு கோடையில் தன் சொந்தக் கட்சியின் நாணயக் கொள்கையை விமர்சித்து அச்சிட்டார் என்பதற்காக அவரை அவையிலிருந்து விலக்கிவிட்டார்கள். அச்சுச் சுதந்திரச் சட்டத்தைத் தயாரித்தவர், அச்சிட்டதற்காகவே வெளியேற்றப்பட்டார். 1772-ல் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் அதிகாரத்தைக் கையில் எடுத்து, 1774-ல் சட்டத்தைச் சுருக்கினார். 1809-க்குப் பிறகே அது மீண்டு எழுந்தது. இன்றும் சுவீடனில் அது அரசியலமைப்புச் சட்டங்களில் ஒன்று.

பக்கத்து நாடான டென்மார்க்கில் அதே கால அளவில் நடந்ததையும் பாருங்கள். மனநோயால் அவதிப்பட்ட மன்னரின் மருத்துவர் ஸ்ட்ரூயன்சே நடைமுறையில் ஆட்சியையே கையில் வைத்திருந்தார். 1770 செப்டம்பரில் தணிக்கையை ஒரே ஆணையில் முழுவதுமாக ஒழித்தார். வால்டேர் மகிழ்ந்து மன்னருக்குக் கவிதையே எழுதி அனுப்பினார். ஆனால் அங்கே எந்தக் கோப்பும் திறக்கப்படவில்லை. வந்து குவிந்தவை பெயர் போடாத துண்டு நூல்கள். அவற்றில் பல மருத்துவரையும் ராணியையும் பற்றிய அந்தரங்கக் கிசுகிசு. ஓராண்டு கழிந்ததுமே ஸ்ட்ரூயன்சேயே பின்வாங்கிக் கட்டுப்பாடு போட்டார். 1772 ஏப்ரலில் அவர் தலை வெட்டப்பட்டது.

உங்கள் வகுப்பு நண்பர்கள் டென்மார்க்கைச் சுட்டி "பார்த்தீர்களா, சுதந்திரம் கூடிப் போனால் இப்படித்தான்" என்று சொல்லக்கூடும். என் வாசிப்பு வேறு. வாயைத் திறந்துவிட்டு அலமாரியைப் பூட்டி வைத்தால் மக்கள் எதைப் பற்றிப் பேசுவார்கள்? தெரிந்ததைப் பற்றிப் பேச வழியில்லாதபோது ஊகித்ததைப் பற்றித்தான் பேசுவார்கள்.

பிரான்ஸில் நடந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது இன்றைக்குத் தேவைப்படுவதால். திதெரோ தொகுத்த கலைக்களஞ்சியத்தை அரசு பலமுறை தடுத்தது. 1759-ல் அனுமதியே ரத்தானது. ஆனால் புத்தகத் துறைக்குத் தலைவராக இருந்த மால்செர்ப் நல்ல மனிதர். அதற்கு முன்பு ஒருமுறை, கைப்பற்ற வேண்டிய கையெழுத்துப் படிகளைத் தன் வீட்டிலேயே ஒளித்துவைக்க உதவினார். அரசிடமிருந்து ஒரு வழியாகத் தப்பித்த திதெரோ, 1764-ல் தான் எழுதிய ஒரு கட்டுரையைச் சரிபார்க்க அச்சான பக்கத்தைத் திறந்தால், பத்திகளைக் காணோம். வெட்டியது அரசு இல்லை. பதிப்பாளர் லெ பிரெத்தோன். வியாபாரத்துக்கு ஆபத்து வந்துவிடுமோ என்ற பயத்தில், மெய்ப்புத் திருத்தம் முடிந்த பிறகு, ஆசிரியருக்கே தெரியாமல், பல கட்டுரைகளில் கத்தி வைத்திருக்கிறார். திதெரோ அவருக்கு எழுதிய கடிதத்தில் ஆத்திரமும் அழுகையும் கலந்திருக்கும். வெட்டப்பட்ட சில பக்கங்களின் அச்சுப்படிகள் 20-ஆம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

இன்று சமூக ஊடகத்தில் உங்கள் பதிவு திடீரென்று யாருக்கும் தெரியாமல் போகிறது, கணக்கு முடங்குகிறது, காரணம் கேட்டால் "விதிமுறை மீறல்" என்று ஒரு வரி. யார் வெட்டினார், யார் சொல்லி வெட்டினார் என்று தெரியாது. லெ பிரெத்தோனின் அச்சகம் அப்படியேதான் இருக்கிறது, அளவு மட்டும் பெரிதாகிவிட்டது. நிறுவனங்கள் எதையும் நீக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளைச் சீரழிக்கும் காட்சியையும் கொலைவெறித் தூண்டுதலையும் நீக்கத்தான் வேண்டும். எதை, எந்த விதியின்படி, யார் கேட்டு நீக்கினார்கள் என்ற பதிவு மக்கள் பார்வைக்கு வர வேண்டும். திதெரோவுக்கு வலித்தது வெட்டு மட்டுமில்லை, மறைத்து வெட்டியதும்தான்.

1789 ஆகஸ்ட் 26-ஆம் தேதிய பிரெஞ்சு உரிமைப் பிரகடனத்தில் 11-ஆம் பிரிவை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள்: பேசவும் எழுதவும் அச்சிடவும் உரிமை உண்டு, அதைத் தவறாகப் பயன்படுத்தினால் சட்டப்படி பொறுப்பு ஏற்க வேண்டும். நான்கு பிரிவு தள்ளிப் படித்தால் 15-ஆம் பிரிவு: ஒவ்வொரு அரசு ஊழியரிடமும் அவருடைய நிர்வாகத்துக்குக் கணக்குக் கேட்கச் சமூகத்துக்கு உரிமை உண்டு. இரண்டையும் சேர்த்து மனப்பாடம் செய்யுங்கள்.

இந்தியாவுக்கு இந்தச் சிந்தனை வந்த பாதையில் சென்னைக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. 1823-ல் கல்கத்தாவில் பத்திரிகைக்கு உரிமம் வேண்டும் என்று கம்பெனி அரசு விதித்தபோது, ராஜா ராம்மோகன் ராய் தன் பாரசீகப் பத்திரிகையையே நிறுத்திவிட்டு மனு எழுதினார். இவ்வளவு பெரிய நாட்டை ஆள்கிறவர் தவறு செய்யாமல் இருக்க முடியாது, தன் பார்வைக்கு வராத குறைகளை அறிய அவருக்கே சுதந்திரமான அச்சு தேவை என்பது அவருடைய வாதம். பார்ப்பதற்கான கருவியாக அச்சைக் கண்ட வாதம் அது.

அப்புறம் 1950. பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழ் சென்னை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று மாநில அரசு மார்ச் 1-ஆம் தேதி தடை போட்டது. குடியரசு பிறந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மே 26-ஆம் தேதி தீர்ப்பு. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. தடை செல்லாது என்றார். நல்ல கனி தரும் மரத்தின் வலிமையைக் கெடுப்பதைவிட, கெட்ட கிளைகள் சிலவற்றை விட்டுவைப்பது மேல் என்ற அமெரிக்கர் மேடிசனின் வாக்கை அதில் எடுத்தாண்டார். அதே நாளில் வந்த டெல்லிப் பத்திரிகை வழக்கில், பத்திரிகைச் சுதந்திரம் என்பது முன்கூட்டியே தடை போடாதிருப்பது என்ற 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோனின் விளக்கத்தைக் காட்டினார். 1695-ல் தொடங்கிய இழை சென்னை வழக்கு வரை அறுபடாமல் வந்திருக்கிறது. ஓராண்டில், 1951 ஜூனில், முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து பேச்சைக் கட்டுப்படுத்த 'பொது ஒழுங்கு' உள்ளிட்ட புதிய காரணங்களைச் சேர்த்தது. பேச்சுரிமைக்கான பிரிவில் 'நியாயமான' கட்டுப்பாடு என்ற சொல்லும் அப்போதுதான் நுழைந்தது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை நீதிமன்றங்களில் வாதாடுகிறோம்.

கோப்பைப் பார்க்கும் உரிமைக்கோ வெகுகாலம் காத்திருந்தோம். 1923-ன் அலுவலக ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மக்களுக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்று 1975-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலங்களில் முதலில் தகவல் உரிமைச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு, 1997-ல். விதிவிலக்குகள் மலிந்த சட்டம்தான், ஆனாலும் முதல் அடி. நாடு முழுவதற்குமான சட்டம் 2005-ல் வந்தது. 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதன் 8(1)(j) பிரிவில் கை வைத்திருக்கிறது. பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. இதற்கு எழுந்திருக்க வேண்டிய கூச்சலில் பாதிகூட எழவில்லை. ஒரு கேலிச்சித்திரக்காரர் கைதானால் நமக்குக் கோபம் வருகிறது, வரத்தான் வேண்டும். ஒரு பிரிவின் வாசகம் மாறினால் வருவதில்லை.

2020 ஜனவரியில், காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதில் எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். முடக்கும் ஆணைகளை வெளியிட வேண்டும், அப்போதுதான் பாதிக்கப்பட்டவர் அதை எதிர்த்து வழக்குப் போட முடியும் என்றது. நடைமுறையில் அது எவ்வளவு பின்பற்றப்படுகிறது என்பதை, உங்கள் ஊரில் இணையம் நிற்கும்போது அந்த ஆணையைத் தேடிப் பாருங்கள், புரியும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: பேசும் சுதந்திரம் கூடிவிட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. அதோடு பிறந்த இன்னொரு பாதி வளராமல் நின்றுவிட்டது. பொய்யைப் பரப்புகிறவனைச் சட்டப்படி தண்டிக்கலாம், அதை அறிவொளிக் காலத்தவர் யாரும் மறுக்கவில்லை. ஆனால் கைது மட்டுமே வதந்தியை நிறுத்தியதாக நான் பார்த்ததில்லை.

ஒன்றை நேரில் பார்த்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஐப்பசி இரவு, விடாத மழை. எங்கள் ஊர் ஏரி உடைந்துவிட்டது என்று ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு சுற்றத் தொடங்கியது. தாழ்வான தெருக்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கோழிகளைக் கூடையில் போட்டுக்கொண்டு ஜனங்கள் மேட்டுப் பக்கம் ஓடினார்கள். சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் போனை எடுக்க ஆளில்லை. "வதந்தி பரப்பினால் நடவடிக்கை" என்று ஒரு அறிவிப்பு வந்தது, யாரும் நம்பவில்லை. பதினொரு மணிக்கு மதகுப் பக்கம் இருந்த லஸ்கர், அதாவது மதகைக் கவனிக்கும் பணியாளர், நீர்மட்டப் பதிவேட்டின் அன்றைய பக்கத்தைப் போனில் படமெடுத்து அனுப்பினார். மணிவாரியாக அளவு, பக்கத்தில் அவர் கையெழுத்து. முழுக் கொள்ளளவுக்கு இன்னும் நான்கடி பாக்கி. அரை மணி நேரத்தில் பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள்.

மறுநாள் அந்த லஸ்கரிடம் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை போனது, அலுவலகப் பதிவேட்டை அனுமதியில்லாமல் வெளியாருக்குக் காட்டினார் என்று. அவர் பயந்துபோய் என்னிடம் வந்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைக் காட்டி, யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டிய தகவல் இது என்று பதில் எழுதிக் கொடுத்தேன். குறிப்பாணை அதோடு கிடப்பில் போனது. மழைக்காலத்தில் அந்தப் பதிவேட்டின் அளவைத் தினமும் ஏரிக்கரையில் பலகையில் எழுதிவைக்கச் சொல்லி, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி நான் அனுப்பிய மனுவுக்கு இதுவரை இரண்டு முறை "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்திருக்கிறது. மேல்முறையீட்டை இந்த வாரம் போடுகிறேன்.